எச்-4 விசாவில் இருக்கும் மகளுக்கு நியூ ஜெர்ஸியில் அரசு மருத்துவக் காப்பீடு கிடைக்குமா?

எடிசன்வாசி (கேள்வி)

வணக்கம். என் கணவர் எச்-1பி விசாவில் பணிபுரிகிறார். நானும் ஒன்பது வயது மகளும் அவரைச் சார்ந்தவர்களுக்கான எச்-4 விசாவில் இருக்கிறோம். இரண்டு வயது மகன் இங்கேயே பிறந்தவன். கணவர் அண்மையில் சேர்ந்திருக்கும் நிறுவனம் ஊழியருக்கு மட்டுமே காப்பீட்டுக் கட்டணத்தில் பங்களிக்கிறது. குடும்பத்தையும் சேர்த்தால் மாதம் 1,400 டாலருக்கு மேல் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்களாம். அவருடைய ஆண்டுச் சம்பளம் 96,000 டாலர். எனக்கு வருமானம் இல்லை. மகளுக்கு ஆஸ்துமா இருக்கிறது. அன்றாடம் எடுக்கும் இன்ஹேலர் தீர்ந்துபோகும் முன் ஏதாவது ஒரு காப்பீடு வேண்டும்.

மகன் குடிமகன் என்பதால் அவனுக்கு மட்டும் கிடைக்கும் என்றும், கிரீன் கார்டு வைத்திருப்பவர்களே ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருக்க, எச்-4 குழந்தைக்கு வழியே இல்லை என்றும் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். கிரீன் கார்டுக்காக நிறுவனம் தாக்கல் செய்யும் ஐ-140 மனுவுக்கு எங்களுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. பிள்ளைகளுக்காக அரசுக் காப்பீடு வாங்கினால் நாளை கிரீன் கார்டு விண்ணப்பத்துக்கு இடையூறு வருமோ என்ற அச்சமும் இருக்கிறது. விவரம் அறிந்தவர்கள் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

படிவத்துணை

உங்கள் இரு குழந்தைகளும் விண்ணப்பிக்கலாம். ஐந்தாண்டுக் காத்திருப்பு கட்டுக்கதை அன்று; ஆனால் அது பாதிக் கதைதான். 1996ஆம் ஆண்டு பொதுநலச் சீர்திருத்தச் சட்டம், அவ்வாண்டு ஆகஸ்ட் 22க்குப் பின் நாட்டுக்குள் வந்த நிரந்தரவாசிகளில், அதாவது கிரீன் கார்டு உள்ளவர்களில், பெரும்பாலோரை முதல் ஐந்தாண்டுகளுக்கு, குறைந்த வருமானத்தினருக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டிலிருந்து விலக்கி வைத்தது. மறு ஆண்டு தொடங்கிய குழந்தைகள் காப்பீட்டுத் திட்டமான சிப்புக்கும் அதே தடை பொருந்தியது. 2009 பிப்ரவரியில் ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தின் 214ஆம் பிரிவு, சட்டப்படி தங்கியிருக்கும் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் காத்திருப்பின்றிச் சேர்த்துக்கொள்ள மாநிலங்களுக்கு விருப்புரிமை அளித்தது. செல்லுபடியாகும் விசாவில், விசா நிபந்தனையை மீறாமல், அந்த மாநிலத்திலேயே வசிக்கும் எச்-4 குழந்தையும் இதில் அடங்கும். முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இந்த விருப்புரிமையை ஏற்றிருக்கின்றன. நியூ ஜெர்ஸி அவற்றுள் ஒன்று. அதற்கும் மேலாக, 2023 ஜனவரி முதல் நியூ ஜெர்ஸியில் வருமானத் தகுதி உள்ள 19 வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தையும், குடியேற்ற நிலை எதுவாயினும், மெடிக்கெய்டையும் சிப்பையும் ஒன்றாக நடத்தும் மாநிலத் திட்டமான என்ஜே ஃபேமிலிகேரில் சேரலாம். ஆகவே உங்கள் மகளின் விசா வகை குறித்து நீங்கள் கவலைப்படவே வேண்டியதில்லை.

வருமானத்தைத்தான் கவனமாகக் கணக்கிட வேண்டும். இங்கே குழந்தைகளுக்கான உச்சவரம்பு மத்திய வறுமைக் கோட்டின் 355 விழுக்காடு. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு 2025ஆம் ஆண்டின் வறுமைக் கோடு 32,150 டாலர் என்பதால், வரம்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,14,000 டாலர், அதாவது மாதத்துக்கு 9,500 டாலர் அளவில் வரும். காப்பீடு கேட்காத பெற்றோரும் குடும்ப எண்ணிக்கையில் சேருவார்கள் என்பதைப் பலர் மறந்துவிட்டு, இரண்டு குழந்தைகளை மட்டும் எண்ணி, தகுதியில்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். வரிக்கு முன்பே 401கே என்ற ஓய்வூதியச் சேமிப்புக் கணக்குக்குப் போகும் தொகை வருமானத்தில் சேராது. உங்கள் சம்பளம் வரம்புக்குள்தான் இருக்கிறது.

படிவத்தில் யார் யாருக்குக் காப்பீடு வேண்டும் என்று கேட்கும் இடத்தில் குழந்தைகள் இருவரை மட்டும் குறியுங்கள். விண்ணப்பிக்காத பெற்றோர் தம் குடியேற்ற நிலையைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. மகளுக்குச் சமூகப் பாதுகாப்பு எண் இருக்காது. அதைப் பெறவே தகுதியில்லாதவர்களிடம் அது இல்லை என்பதற்காக விண்ணப்பத்தை மறுக்கக் கூடாது. கடவுச்சீட்டு, நாட்டுக்குள் நுழைந்த பதிவான ஐ-94, எச்-4 ஒப்புதலான ஐ-797 ஆகியவற்றின் நகல்களைத் தெளிவாக எடுத்து இணையுங்கள். கடவுச்சீட்டில் ஒரு விதமாகவும் ஐ-94இல் வேறு விதமாகவும் பெயர் இருந்தால், தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக எழுதும் நம்மவர்களுக்கு இது அடிக்கடி நேர்வதுதான், இரண்டும் ஒருவரே என்று ஒரு வரி எழுதிச் சேர்ப்பது நல்லது. இதற்கு ஆண்டு முழுவதும் எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் முடிவு தெரியும் முன் குழந்தைகளை நிறுவனத்தின் காப்பீட்டில் சேர்த்துவிடாதீர்கள். வேறு காப்பீடு உள்ள குழந்தைக்கு சிப் கிடைக்காது.

வரிசையில்நிற்பவன்

கிரீன் கார்டு அச்சத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அரசுக்குச் சுமையாகக்கூடியவர் என்று பார்க்கும் விதி, 2022 டிசம்பர் 23 முதல் நடைமுறைக்கு வந்த வடிவில், வாழ்க்கைச் செலவுக்கான அரசு ரொக்க உதவியையும், அரசு செலவில் மருத்துவ இல்லத்தில் நீண்டகாலம் தங்குவதையும் மட்டுமே கணக்கில் எடுக்கிறது. சிப்போ குழந்தைக்கான வழக்கமான மெடிக்கெய்டோ அதில் சேராது. குழந்தை பெற்ற உதவியைப் பெற்றோரின் விண்ணப்பத்தில் ஏற்றுவதும் இல்லை. 2019ஆம் ஆண்டின் கடுமையான விதிகூட சிப்பை விட்டுவைத்தது. 21 வயதுக்குட்பட்டவர் பெறும் மெடிக்கெய்டையும் எண்ணவில்லை. ஆயினும் 2022 விதியை நீக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2025 நவம்பரில் முன்மொழிந்திருக்கிறது. நமக்கோ முன்னுரிமைத் தேதி, அதாவது கிரீன் கார்டு வரிசையில் நம் முறை, வர இன்னும் பல ஆண்டுகள் ஆகலாம். கிரீன் கார்டு விண்ணப்பமான ஐ-485 பதியும் நாளில் எந்த விதி இருக்கிறதோ அதை வழக்கறிஞரிடம் அப்போது கேட்டுக்கொள்ளுங்கள். என்றோ வரக்கூடிய விதிக்கு அஞ்சி இன்று மூச்சுத் திணறும் குழந்தைக்கு மருந்தை மறுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மெடிக்கெய்ட் பயனாளிகளின் தகவல்கள் 2025இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குக் கொடுக்கப்பட்டதும், மாநிலங்கள் நீதிமன்றம் சென்றதும் உண்மை. முறையான விசாவில் இருக்கும் உங்கள் முகவரி குடியேற்றத் துறையிடம் ஏற்கெனவே இருப்பதால் உங்களைப் பொறுத்தவரை இதில் புதிதாக எதுவும் வெளிப்படாது. வீட்டில் ஆவணமற்றவர் ஒருவர் இருந்தால் கணக்கு வேறு. அத்தகைய குடும்பம் விண்ணப்பிக்கும் முன் சட்ட ஆலோசனை பெற்றாக வேண்டும்.

யாழ்ப்பாணத்தான்

இடையில் கேட்பதற்கு மன்னிக்க வேண்டும். நாங்கள் டெக்ஸாஸில் இருக்கிறோம். அகதித் தஞ்சம் ஏற்கப்பட்டுவிட்டது. 2026 அக்டோபரோடு எங்களைப் போன்றவர்களுக்கு மெடிக்கெய்ட் நின்றுவிடும் என்கிறார்கள். பிள்ளைகளுக்கும் நின்றுவிடுமா?

படிவத்துணை

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் 2026 அக்டோபர் 1 முதல் மத்திய அரசின் மெடிக்கெய்ட், சிப் நிதியைக் குடிமக்கள், நிரந்தரவாசிகள், மற்றும் சில சிறு பிரிவினருக்கு மட்டும் என்று சுருக்குகிறது. தஞ்சம் பெற்ற பெரியவர்கள் அதில் விடுபடுகிறார்கள். ஆனால் 214ஆம் பிரிவின் விருப்புரிமையை அச்சட்டம் நீக்கவில்லை. டெக்ஸாஸ் குழந்தைகள் விஷயத்தில் அதை ஏற்றுக்கொண்ட மாநிலம் என்பதால் உங்கள் பிள்ளைகளின் காப்பீடு இச்சட்டத்தால் நிற்கக் கூடாது. தஞ்சம் பெற்று ஓராண்டு இங்கே தங்கியவர்கள் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். பெரியவர்களுக்காகவேனும் அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

எடிசன்வாசி அவர்களுக்கு ஒரு சேர்க்கை. உங்களுக்கும் காப்பீடு வேண்டுமே. குடும்பத்துக்கான கட்டணம் வருமானத்தில் ஏறத்தாழ ஒன்பது, பத்து விழுக்காட்டைத் தாண்டினால், ஊழியரின் சொந்தக் கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாழ்க்கைத் துணைவர் மாநிலக் காப்பீட்டுச் சந்தையில் வரிச் சலுகையுடன் வாங்கலாம் என்று 2023 முதல் விதி இருக்கிறது. உங்கள் விஷயத்தில் அது 17 விழுக்காட்டைத் தாண்டுகிறது. ஆனால் மேலே சொன்ன அதே சட்டம் 2027 முதல் எச்-4 போன்ற விசாக்காரர்களுக்கு இந்தச் சலுகையை நிறுத்துகிறது.

எடிசன்வாசி

அனைவருக்கும் மிக்க நன்றி. இருவருக்கும் இணையவழி விண்ணப்பித்துவிட்டோம். மகனுக்கு உடனே ஏற்பு வந்தது. மகளுடைய விண்ணப்பம் மட்டும் ‘குடியேற்ற நிலை சரிபார்ப்பில்’ என்று காட்டுகிறது. அது முடியும் வரை காத்திருக்க வேண்டுமா?

படிவத்துணை

காத்திருக்க வேண்டியதில்லை. மற்றத் தகுதிகள் பொருந்தியிருந்தால், குடியேற்ற நிலையை நிறுவ 90 நாள் அவகாசம் தந்து, அதுவரை காப்பீட்டையும் வழங்க வேண்டும் என்பதே மத்திய விதி. என்ஜே ஃபேமிலிகேரைத் தொலைபேசியில் அழைத்து, சரிபார்ப்பு அவகாசத்தின் கீழ் இப்போதே சேர்க்கும்படி கேளுங்கள். பேசியவர் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். மறுத்தால் எழுத்தில் தரச் சொல்லுங்கள், முறையீடு செய்ய அந்தக் கடிதம் தேவைப்படும். சேர்த்துக்கொண்ட பின், இடையில் கணவருக்குச் சம்பளம் உயர்ந்தாலும் பன்னிரண்டு மாதங்களுக்குத் தொடர்ந்து காப்பீடு உண்டு. 2024 ஜனவரி முதல் எல்லா மாநிலங்களிலும் குழந்தைகளுக்கு இதுவே விதி. வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் மட்டும் அங்கே புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அந்த மாநிலம் 214ஆம் பிரிவை ஏற்றிருக்கிறதா என்று வீடு பார்க்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.