தலைக்கவசத்துக்குள் அணிய ஏற்ற இயர்போன் எது?

அனைவருக்கும் வணக்கம். வேலை நிமித்தமாகத் தஞ்சாவூரிலிருந்து கும்பகோணத்துக்கு நாள்தோறும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் பைக்கில் செல்லும் நான், முழுமுகத் தலைக்கவசத்துக்குள் அணிவதற்கு ஓர் இயர்போன் தேடுகிறேன். இப்போதுள்ள வயர்லெஸ் இயர்பட்ஸின் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், தலைக்கவசத்தை மாட்டும்போதே உட்புறப் பஞ்சில் உரசிக் கழன்றுவிடுகிறது. தப்பித்தவறி நின்றாலும், பஞ்சு அதன் தொடுபரப்பை அழுத்துவதால் வழிகாட்டும் குரல் பாதியில் நின்றுபோகிறது. அரைமணி நேரத்தில் காதுமடல் வலிக்கத் தொடங்குவது தனிக்கதை.

முந்தும் பேருந்துகள் வலப்பக்கம் வருவதால் இடக்காதில் மட்டுமே அணிவேன். காதுக்குழிக்குள் அடங்கும் தட்டையான வடிவமும், ஒலியைக் கூட்டாமலே காற்றிரைச்சலைத் தணிக்கும் நுரைமுனையும், தொடுபரப்புக்குப் பதிலாகப் பொத்தானும் கொண்டதாக, 3000 ரூபாய்க்குள் எதை வாங்கலாம்? காதுக்குப் பின்னால் சுற்றிவரும் வயர் வகையை அணிந்து ஓட்டியவர்கள் இருந்தால், தலைக்கவசத்தைக் கழற்றும்போது வயர் சிக்குகிறதா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.