இஸ்ரேலில் சொல் தெரியாமல் மாட்டிக்கொண்ட அனுபவம் உண்டா?

தென்காசிக்காரன்:
ரெஹோவோத்தில் இரண்டு வருடம் ஆய்வுக்காக இருந்தேன். பக்தியுள்ள யூதர், இல்லாத யூதர், அவ்வளவுதான் என் கணக்கு. ஒரு வெள்ளிக்கிழமை இரவு நண்பன் வீட்டில் சாப்பாடு. அவன் அப்பா கிப்பா என்ற சின்னக் குல்லாவை அணிந்து, மதுக் கிண்ணத்தை ஏந்திக் கித்துஷ் என்ற ஆசி வாசகத்தைச் சொன்னார். சாப்பிட்டதும் கிப்பாவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு டிவியில் ஃபுட்பால் போட்டார். பக்தியுள்ளவரை அங்கே தாத்தி என்பார்கள். அவர் சமயச் சட்டப்படி நடப்பவர், வெள்ளி மாலை தொடங்கும் ஓய்வுநாளான சப்பாத்தில் சுவிட்சைக்கூடத் தொடமாட்டார். குழம்பிப்போய், "அப்போ நீங்கள் ஹிலோனியா?" என்றேன். ஹிலோனி மதச்சார்பற்றவர். மனிதருக்குச் சுருக்கென்றது. "நான் மசோர்த்தி!" மரபை விடமாட்டார், எல்லா விதியையும் பிடித்துத் தொங்கவும் மாட்டார். மொராக்கோவிலிருந்து வந்த குடும்பங்களில் இது சகஜம். (யூத மதத்தில் ஒரு பிரிவான கன்சர்வேட்டிவ் இயக்கத்துக்கும் அங்கே மசோர்த்தி என்றே பெயர். அது வேறு.)

அப்புறம் மருமகனைப் பற்றிப் பேச்சு வந்தது. "அவன் ஹர்தல்" என்றார்கள். மேசைக்கடியில் போனில் தேடினால் 'கடுகு' என்று வருகிறது! ஹரேதி, அதாவது மிகக் கடுமையாக மதத்தைக் கடைப்பிடிப்பவர், லெயுமி, அதாவது தேசியவாதி, இரண்டையும் சேர்த்துச் சுருக்கிய பெயராம்.

நாகர்கோவில் அக்கா:
நான் ரமத் கானில் ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்கிறேன். கறுப்புக் கோட்டுக்காரர்களைப் பேரன் 'தோசிம்' என்பான். தோசை மாதிரி இருந்ததால் எனக்கு மறக்கவே இல்லை. பக்கத்து ப்னே ப்ராக் மருந்துக்கடையில் ஒரு பெரியவரிடம் மரியாதையாகத்தான் கேட்டேன், "நீங்கள் தோஸ்தானே?" அவர் சிரித்துவிட்டார், பின்னால் நின்ற அம்மா முறைத்தார். அது கேலிப்பெயர் என்று பாட்டி சொல்லித்தான் தெரியும். ஹரேதி என்று சொல்லியிருக்க வேண்டும். நடுங்குகிறவர் என்று பொருள். பைபிளில் ஏசாயா 66இல் ஆண்டவரின் வசனத்துக்கு நடுங்குகிறவர்கள் வருகிறார்களே, அதே சொல்தான்.

மழைக்காகிதம்:
மதத்துக்குத் திரும்பியவர் 'ஹோசேர் பித்ஷுவா'. தெஷுவாவுக்குத் திரும்புதல் என்றும் பதில் என்றும் பொருள். அதை வைத்து விளையாடி, மதத்தைவிட்டுப் போனவரைக் 'கேள்வியோடு வெளியேறியவர்' ஆக்கிவிட்டார்கள்: 'யோட்சே பிஷெஎலா'. லேபில் ஒருத்தியிடம் நீ அதுவா என்றேன். "அது ஹரேதி வீட்டிலிருந்து வந்தவர்களுக்கு. நான் தத்லாஷ்" என்று திருத்தினாள். தாத்தி லெஷெஅவார், முன்னாள் தாத்தி.

சரி, பன்றிக்கறி சாப்பிடுவாயா என்று கேட்டேன். "அது மட்டும் இன்னும் தொண்டையில் இறங்கவில்லை" என்றாள்.