பேஸ்மென்டுக்கு எந்த ஹீட்டர் நல்லது? பிரேக்கர் விழுந்துகொண்டே இருக்கிறது

குளிர்காலி:
வணக்கம். ரொறொன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் 1960களில் கட்டிய பங்களா வீடு. பேஸ்மென்ட் அறையில் அம்மா படுக்கிறார். மேலே தெர்மோஸ்டாட் 22 காட்டும்போது கீழே 16, 17தான். அறை 12க்கு 14 அடி. 1500 வாட் செராமிக் ஹீட்டர் வாங்கி வைத்தோம். சூடு வருகிறது, ஆனால் அடிக்கடி பிரேக்கர் விழுகிறது. அதே லைனில்தான் டீப் ஃப்ரீஸரும். எல்லோரும் மொன்றியலில் ஒரு கலியாணத்துக்குப் புறப்பட்ட அன்று விழுந்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. திரும்பி வந்து திறந்தால் பாரை மீன் பொதியெல்லாம் நசிகிறது, வீடே நாற்றம்.

எண்ணெய் ரேடியேட்டர் வாங்கவா, இன்ஃப்ராரெட் வாங்கவா, பேஸ்போர்டு (சுவரின் அடியோரம் நிரந்தரமாகப் பொருத்தும் மின் ஹீட்டர்) போடவா? பக்கத்து வீட்டுக்காரர் மண்ணெண்ணெய் ஹீட்டர் மலிவு என்கிறார்.

மின்கம்பி:
தம்பி, பிரேக்கர் தன் வேலையைத்தான் செய்கிறது. 1500 வாட்டை 120 வோல்ட்டால் வகுத்தால் 12.5 ஆம்ப். 15 ஆம்ப் லைனில் மணிக்கணக்காக ஓடும் சாமான் 12 ஆம்ப்பைத் தாண்டக்கூடாது. ஹீட்டர் தனியாகவே அந்த அளவைத் தாண்டிவிட்டது. அதற்கு மேல் ஃப்ரீஸர் கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும்.

யாராவது 20 ஆம்ப் பிரேக்கர் மாற்றச் சொன்னால் கேட்காதீர்கள். சுவருக்குள் இருக்கும் 14 கேஜ் வயர் 15க்குத்தான். பிரேக்கர் விழாது, வயர் சூடேறும். இப்போதைக்கு ஃப்ரீஸரை வேறு லைனுக்கு மாற்றி, ஹீட்டரைக் குறைந்த அளவில் ஓட்டுங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டவே வேண்டாம். ஒரு மணிநேரம் ஓடியதும் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால் சுவர் பிளக்கின் பிடி தளர்ந்துவிட்டது, அதை மாற்ற வேண்டும்.

கறுவா:
'1500 வாட்டிலேயே இரண்டு மடங்கு சூடு' என்று பெட்டியில் எழுதியிருந்தால் நம்பாதீர்கள். செராமிக்கோ எண்ணெயோ இன்ஃப்ராரெட்டோ, 1500 வாட் இழுத்தால் மணிக்குச் சுமார் 5100 பிடியு (சூட்டை அளக்கும் அலகு) தான். விலை எவ்வளவானாலும் அதே கணக்கு. வித்தியாசம் சூடு வரும் விதத்தில்தான். ஃபேன் உள்ளது அறையைச் சீக்கிரம் சூடாக்கும், சத்தம் போடும். இன்ஃப்ராரெட் எதிரே இருப்பவரைச் சூடாக்கும், மூலை அப்படியே குளிரும். படுக்கையறைக்கு எண்ணெய் ரேடியேட்டர் நல்லது: சத்தமில்லை, நின்ற பிறகும் கொஞ்ச நேரம் சூடு இருக்கும். சாய்ந்தால் தானே நிற்கும் சுவிட்சும் சிஎஸ்ஏ என்ற பாதுகாப்புச் சான்று முத்திரையும் இருக்கிறதா பாருங்கள்.

எட்டு மணிநேரம் முழு வேகத்தில் ஓடினால் 12 யூனிட். நேரத்துக்கு நேரம் விலை மாறும் திட்டத்தில் இருந்தால் இரவு ஏழுக்குப் பிறகு மலிவு.

மண்ணெண்ணெய் மட்டும் வேண்டாம், அண்ணா. ஜன்னல் பூட்டிய பேஸ்மென்டில் கார்பன் மோனாக்சைடு மணம் காட்டாது. போதாததற்கு, எரியும்போது ஈரமும் வரும், சுவரில் பூஞ்சணம் பிடிக்கும்.

பனங்கூடல்:
ஹீட்டர் வாங்குவதற்கு முன், வீடு முழுவதையும் சூடாக்கும் ஃபர்னஸின் காற்று ஏன் கீழே வரவில்லை என்று பாருங்கள். அந்தக் காலத்து வீடுகளில் பேஸ்மென்ட் வென்ட் சீலிங்கில் இருக்கும், காற்றைத் திரும்ப இழுக்கும் வாய் கீழே இருக்கவே இருக்காது. சூடு மேலேயே நிற்கும். தெர்மோஸ்டாட் மேல் தளத்தில் இருப்பதால் அது 22 ஆனதும் ஃபர்னஸ் நின்றுவிடும், கீழே என்ன நிலை என்று அதற்குத் தெரியாது. ஃபேனை 'ஆட்டோ'வில் இருந்து 'ஆன்'க்கு மாற்றிப் பாருங்கள்.

ஃபர்னஸ் காற்று வரும் கிளைக் குழாய்களில் சின்னப் பிடி இருக்கும். குழாயின் நீளத்தோடு நின்றால் திறப்பு, குறுக்கே நின்றால் பூட்டு. கோடையில் யாரோ பூட்டிவிட்டு மறந்திருப்பார்கள். அப்புறம் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, கான்கிரீட் சுவருக்கு மேல் மரச்சட்டம் உட்காரும் இடம் வழியே மெதுவாகக் கொண்டு போங்கள். புகை எங்கே சரிகிறதோ அங்கேதான் வெளிக்காற்று வருகிறது.

வாடகைக்காரி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நாங்கள் ரொறொன்ரோவில் பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிறோம். ஹீட்டரை நாங்களா வாங்க வேண்டும்?

பனங்கூடல்:
இல்லை. குளிர்காலத்தில் குறைந்தது 21 பாகை தருவது வீட்டுக்காரர் பொறுப்பு, நகரச் சட்டம் அது. தெர்மாமீட்டரைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு முதலில் அவரிடம் சொல்லுங்கள், பிறகு நகரசபையின் 311 எண்ணுக்கு அழையுங்கள்.

குளிர்காலி:
பிடி குறுக்கேதான் நின்றது! திறந்து, ஃபேனையும் 'ஆன்' செய்தேன். இப்போது 19. ஊதுபத்திப் புகை அம்மாவின் கட்டிலுக்கு நேர் மேலே, சட்டத்தடியில் நன்றாக வளைந்தது. அம்மா பூசை அறையை ஏன் இங்கே கொண்டு வந்தாய் என்று கேட்டார். வெளியே -15க்குக் கீழே போனால் 19 நிற்காது என்று நினைக்கிறேன். பேஸ்போர்டு போடலாமா?

மின்கம்பி:
முதலில் அந்த ஓட்டையை அடைத்துவிடுங்கள். கெட்டியான நுரைப்பலகையைச் சட்டங்களுக்கு இடையில் அளவாக வெட்டி வைத்து, ஓரத்தை ஸ்பிரே நுரையால் மூடி, மேலே ஜிப்சம் பலகை அடியுங்கள். நுரையை வெறுமனே விட்டால் நெருப்புக்கு ஆபத்து.

பேஸ்போர்டுக்குச் சதுர அடிக்கு 10 வாட் என்பது பழைய கணக்கு. உங்கள் 168 அடிக்கு 1680, ஆக 240 வோல்ட்டில் 2000 வாட் போதும். 8 ஆம்ப் சொச்சம்தான் இழுக்கும், ஆனால் தனி லைன், இரட்டைப் பிரேக்கர் வேண்டும். பேனலில் (பிரேக்கர்கள் இருக்கும் பெட்டி) இடம் இருக்கிறதா, 60 ஆம்ப்பா 100 ஆம்ப்பா என்று பாருங்கள். 60களின் பிற்பகுதி வீடு என்றால் அலுமினிய வயரா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கட்டிலும் திரைச்சீலையும் அதைத் தொடக்கூடாது.

'தெரிந்த பையன்' வேண்டாம். ஈசிஆர்ஏ/ஈஎஸ்ஏ (ஒன்ராறியோவின் மின் பாதுகாப்பு அமைப்பு) உரிம எண் உள்ள காண்ட்ராக்டரைக் கூப்பிட்டு, வேலை முடிந்ததும் ஈஎஸ்ஏ சான்றிதழைக் கையில் வாங்குங்கள். பேனலைத் திறந்து ஒரு படம் எடுத்துப் போட்டால் இடம் இருக்கிறதா என்று நானே சொல்கிறேன். கதவை மட்டும் திறங்கள், மூடியின் திருகாணியைக் கழற்ற வேண்டாம்.