புதுப்பிப்பு: அம்மாவின் கடைவாய்ப் பல்லை எடுத்தாயிற்று

கோத்தகிரியில் இருக்கும் அம்மா பல் டாக்டரின் நாற்காலியிலிருந்து இரண்டு முறை எழுந்து வந்துவிட்டார், பயத்தைத் தணிக்க வழி உண்டா என்று போன மாதம் கேட்டிருந்தேன். நேற்று குன்னூரில் பல்லை எடுத்தாயிற்று. பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் ஒன்று தெளிவானது. பயத்தைத் தணிப்பது வேறு, மரத்துப்போக வைப்பது வேறு. எந்த வழி என்றாலும் ஈறில் ஊசி உண்டு. பயத்தைத் தணிக்க மாத்திரை போட்டால் தூக்கக் கலக்கம் பல மணி நேரம் இருக்கும், கூட ஆள் வேண்டும். ரத்த நாளம் வழியாக ஏற்றும் மருந்து அம்மாவுக்குத் தேவைப்படவில்லை.

நாங்கள் எடுத்தது நைட்ரஸ் ஆக்சைடு, அதாவது சிரிப்பு வாயு. ஆக்சிஜனோடு கலந்து மூக்கில் மாஸ்க் வைத்துக் கொடுப்பார்கள். மூக்கடைப்பு இருந்தால் சரியாக ஏறாது. மலைக் குளிரில் அம்மாவுக்குச் சளி பிடித்திருந்ததால் ஒரு வாரம் தள்ளிப்போட்டோம்.

சால்வை முனையை இறுக்கி முறுக்கியிருந்த விரல்கள் சில நிமிடங்களில் ஒவ்வொன்றாகத் தளர்ந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். தூங்கவில்லை. "வாயை நல்லா திறங்கம்மா" என்றதும் திறந்தார். கடைசியில் ஐந்து நிமிடம் வெறும் ஆக்சிஜன், அவ்வளவுதான், தெளிந்துவிட்டார்.

"ஊசி எப்போ போடுவாங்க?" என்று என்னிடம் கேட்டார்.

"பல்லையே எடுத்தாச்சும்மா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த வாரம் தையல் பிரிக்க வேண்டும். அதற்கு நாள் கேட்டு வாங்கியது அம்மாவேதான்.