வானுக்குப் பின்னால வெளிப்பெட்டி பூட்டலாமோ? உள்ளுக்க இடம் காணாது

நெல்லியடிப்_பொடியன் · மே 11, இரவு 11.20
எல்லாருக்கும் வணக்கம். எங்கட கேம்பர் வானுக்க இடம் காணாமக் கிடக்கு. ஓகஸ்டில லண்டனில இருந்து ஜெர்மனிக்கு, கெவலார் மாதாட்டப் போறம். மனுசி சமையல் சாமான் முழுக்கக் கொண்டு வரப்போறா. சின்னனுகளின்ர படுக்கை, கதிரை, மேசை எண்டு போன வருசமே கால் வைக்க இடமில்லை. பின்னால வெளியில ஒரு பெட்டி பூட்டினா எல்லாம் சரியாகும் எண்டு நினைக்கிறன். எந்தப் பெட்டி நல்லது? சனிக்கிழமை ஒருத்தர் பழசு ஒண்டு விக்கிறார், அதுக்குள்ள முடிவெடுக்கோணும். கெதியாச் சொல்லுங்கோ.

சுதா_பரிஸ் · மே 12, காலை 7.05
தம்பி, என்ன வான் எண்டு சொல்லேல்லையே. பின்கதவு ரெண்டாத் திறக்கிறதோ, மேல தூக்கிறதோ? டோ பார் (பின்னால இழுவைக்குப் பூட்டிற கொக்கி) இருக்கோ? சைக்கிள் கொழுவிற சட்டம் ஏற்கனவே பூட்டிக் கிடக்கோ?

பழைய_லொறி · மே 12, காலை 8.40
பூட்டும் தம்பி, கனக்க யோசியாதையும். நான் இங்க இங்கிலாந்தில 1989இல லைசென்ஸ் எடுத்தனான். 1997 ஜனவரிக்கு முதல் எடுத்த ஆக்கள் ஏழரைத் தொன் வரை ஓடலாம். என்ர வானுக்குப் பின்னாலயும் பெட்டி, மேலயும் பெட்டி. இத்தனை வருசத்தில ஒருத்தரும் மறிச்சுக் கேட்டதில்லை.

வான்பித்தன் · மே 12, காலை 9.15
வருசா வருசம் மே மாதம் இதே கேள்வி வரும். நான் எத்தினையோ தரம் விளக்கமா எழுதிப்போட்டன். தேடிப் பாக்க ஐஞ்சு நிமிசம் காணும்.

பெட்டியை விடுங்கோ. பொனற்றைத் திறந்து எடை எல்லை அடிச்சிருக்கிற தட்டைப் பாருங்கோ. அதில நாலு இலக்கம் இருக்கும். மொத்த எடை, இழுவையோட மொத்த எடை, முன் ஆக்சில் (முன் சில்லுகளின்ர அச்சு), பின் ஆக்சில். அதை எழுதாமப் பெட்டி கேக்கிறது, கால் அளவு சொல்லாமச் செருப்புக் கேக்கிற மாதிரி.

லொறி அண்ணை, உங்கட லைசென்ஸ் உங்களுக்குத்தான், வானுக்கில்லை. தட்டில 3500 கிலோ எண்டு இருந்தா, ஆர் ஓடினாலும் 3500தான். எழுபது வயசு வரேக்க அந்த ஏழரைத் தொன்னுக்கும் மருத்துவச் சான்றிதழ் குடுத்துத்தான் புதுப்பிக்கோணும்.

கோவை_சக்கரம் · மே 12, மதியம் 12.30
வணக்கம்ங்க. நான் ட்ராவலர் வண்டியைக் கேம்பரா மாத்தி ஓட்டிட்டிருக்கேன். என் அனுபவத்துல மேல கேரியர்தான் பெஸ்ட். ரெண்டு ஆக்சிலுக்கும் நடுவுல வெயிட் விழும், பின்பக்கம் மட்டும் அமுங்காது. பின்னாடி தொங்கவிட்டா ஸ்பீடு பிரேக்கர்ல அடி தட்டும். உங்க வண்டி எவ்ளோ உயரம்னு சொல்லுங்க. மேல சோலார் பேனல் இருக்கா?

நெல்லியடிப்_பொடியன் · மே 12, இரவு 10.55
சொறி, வேலையில நிண்டனான். டுக்காட்டோ, 2014. பின்கதவு ரெண்டாத் திறக்கும். மேல சோலாரும் ரெண்டு காத்துச் சன்னலும் கிடக்கு, இடமில்லை. எடை 3300 எண்டு தட்டில போட்டிருக்கு. எண்டா பெட்டி பூட்டலாம்தானே?

வான்பித்தன் · மே 12, இரவு 11.10
3300 உங்கட வானின்ர எடை இல்லை. அதுக்கு மேல போகக்கூடாது எண்ட எல்லை. இப்ப வான் எவ்வளவு நிறுக்குது எண்டதுதான் கேள்வி. லொறி நிறுக்கிற வேபிரிட்ஜுக்குக் கொண்டு போங்கோ. டீசல், தண்ணி, கேஸ், மனுசி, பிள்ளையள், சாமான் எல்லாத்தோடயும். வெறும் வானை நிறுத்துப்போட்டு வந்து நிக்காதேங்கோ.

கோவை_சக்கரம் · மே 13, காலை 6.20
எங்க ஊர்ல எடை மேடைன்னு சொல்வோம். ஹைவேல எங்க பார்த்தாலும் இருக்கும். முன் சக்கரம் மட்டும் ஏத்தி ஒண்ணு, முழு வண்டி ஒண்ணு, பின் சக்கரம் மட்டும் ஒண்ணுன்னு மூணு சீட்டு வாங்கிக்கோங்க. மூணும் ஒத்துப்போகுதான்னு கூட்டிப் பாருங்க.

மெல்பேர்ண்_அக்கா · மே 13, காலை 11.45
தம்பி, வாங்க முதல் என்ர கதையைக் கேளுங்கோ. எங்கட ஹையேசுக்குப் பின்னால ஒரு கராஜில சட்டம் அடிச்சு, பெட்டி ஒண்டும் ரெண்டு தண்ணிக் கானும் வச்சனாங்கள். தென் அவுஸ்ரேலியாவில பிளிண்டர்ஸ் மலைப் பக்கம் போனம். அங்க செம்மண் ரோட்டு, கூரைத் தகரம் மாதிரி அலை அலையாக் கிடக்கும். பின்னேரம் நிப்பாட்டி இறங்கிப் பாத்தா, பெட்டி ஒரு பக்கம் சரிஞ்சு நிக்குது. வெல்டிங் போட்ட இடத்தில தலைமயிர் மாதிரி ஒரு கோடு. நகத்தை வச்சா நகம் உள்ளுக்க போகுது. அதுக்குப் பிறகு கானையெல்லாம் உள்ளுக்க மாத்திப்போட்டு, மணித்தியாலத்துக்கு 40இல ஊர்ந்து ஊர்ந்து வந்தம். பின்னால வந்தவைக்கு மேல அது விழுந்திருந்தா எண்டு இப்பவும் நினைப்பன்.

உங்களுக்கு ரோட்டு நல்ல ரோட்டு. ஆனா நிறைக் கதை ஒண்டுதான். ஊரில துலாக் கிணறு கண்டிருப்பியள். ஆடுகால்தான் உங்கட பின் சில்லு எண்டு வையுங்கோ. துலாவின்ர அடிப்பக்கத்தில ஆள் ஏறினா மற்றத் தலை மேல எழும்பும். வானுக்கும் அதுதான். பின்னால தொங்கிற பாரம் பின் சில்லுக்குத் தன்ர நிறையைவிடக் கூடக் குடுக்கும், முன் சில்லில இருந்து கொஞ்சத்தைத் தூக்கிப்போடும். ஸ்ரியறிங் பிடிக்கிறதும் டுக்காட்டோவை இழுக்கிறதும் அந்த முன் சில்லுகள்தான். மழை ரோட்டில ஸ்ரியறிங் பஞ்சு மாதிரி இருக்கிறது அதாலதான்.

பழைய_லொறி · மே 13, பின்னேரம் 4.10
பிள்ளை சொல்றது விளங்குது. ஆனா பெட்டிக்கு நல்ல உபயோகம் ஒண்டிருக்கு. கேஸ் சிலிண்டரையும் அடுப்பையும் அதுக்க வச்சா உள்ளுக்க மணம் இல்லை, பயமும் இல்லை. நான் அப்பிடித்தான் கொண்டு போறனான்.

சுதா_பரிஸ் · மே 13, பின்னேரம் 4.35
அண்ணை, தயவுசெய்து அதைச் செய்யாதேங்கோ. சிலிண்டர் கேஸ் காத்தைவிடப் பாரம். கசிஞ்சா மேல போகாது, அடியில தேங்கும். அதுக்குத்தான் வானுக்க இருக்கிற கேஸ் அறைக்கு அடித்தட்டில ஓட்டை விட்டிருக்கிறாங்கள், கசியிறது ரோட்டுக்கு இறங்கட்டும் எண்டு. பிளாஸ்ரிக் பெட்டிக்கு மூடியில ரப்பர் போட்டு இறுக்கின பிறகு அந்தக் கேஸ் எங்க போகும்? பின்னால ஒருத்தன் வந்து இடிச்சா முதல் நசுங்கிறதும் அந்தப் பெட்டிதான்.

பழைய_லொறி · மே 13, பின்னேரம் 5.20
நானும் லொறி ஓடின ஆள். சிலிண்டர் வால்வைப் பூட்டினா கசியாது.

சுதா_பரிஸ் · மே 13, பின்னேரம் 5.50
வால்வு பூட்டத்தான் வேணும், கப்பலிலயோ ரயிலிலயோ ஏறேக்க கேட்டும் பாப்பாங்கள். ஆனா வால்வும் ஒருநாள் தேயும். எங்கட மாமி வீட்டில அடுப்பு ரியூப் வெடிச்சதைக் கண்ணால கண்டனான். பெரியவர் எண்டு மரியாதையாத்தான் சொல்றன், இந்த ஒரு விசயத்தில விட்டுக்குடுக்க மாட்டன். பொடியனின்ர பெட்டிக்க ரெண்டு பிள்ளையளின்ர உயிர் கிடக்கு.

வான்பித்தன் · மே 13, இரவு 8.00
சுதா சொல்றது சரி. கேஸ் அதுக்கெண்டு செய்த அறையை விட்டு வெளிக்கிடக்கூடாது. இன்னொண்டு. பெட்டி பூட்டேக்க வானின்ர ஹீற்றர் புகைக்குழாய், பிரிட்ஜ் காத்து ஓட்டை, கேஸ் அறை ஓட்டை, இதுகளை மறைக்கக்கூடாது. பின் லைற்றையும் நம்பர் பிளேட்டையும் மறைச்சா, பெட்டியில தனியா லைற்றும் மஞ்சள் நம்பர் பிளேட்டும் வேணும். இத்தாலி, ஸ்பெயின் பக்கம் போற ஆக்கள் 50க்கு 50 சென்ரிமீற்றர் சிவப்பு வெள்ளைக் கோட்டுப் பலகையும் கொழுவ வேணும். இன்சூரன்ஸ்காரருக்கும் சொல்லுங்கோ.

இதெல்லாம் அடிப்படை.

மெல்பேர்ண்_அக்கா · மே 14, காலை 9.30
அடிப்படை எண்டு சொல்லாதேங்கோ. தெரிஞ்சவைக்குத்தான் அடிப்படை. அவர் கேட்டபடியாலதானே இவ்வளவும் வெளிய வந்தது.

நெல்லியடிப்_பொடியன் · மே 16, இரவு 9.40
இண்டைக்கு நிறுத்தனான். எல்லாரும் ஏறி, டீசல், தண்ணி நிரப்பி, சாமானோட. மொத்தம் 3180. முன் 1420, பின் 1760. தட்டில முன் 1750, பின் 1900. பெட்டி 18 கிலோ, டோ பாரில கொழுவிற சட்டம் 22 கிலோ, அதுக்க 60 கிலோ சாமான் போடலாம் எண்டு பாக்கிறன். மொத்தத்தில 120 மிச்சம் கிடக்கு. எண்டா சரிதானே?

சுதா_பரிஸ் · மே 16, இரவு 10.25
பொறுங்கோ, கணக்குப் பாப்பம். உங்கட வான் 5.4 மீற்றர் நீளமோ? எண்டா ரெண்டு ஆக்சிலுக்கும் இடையில 3.45 மீற்றர். பின் ஆக்சிலில இருந்து கதவு மட்டும் ஒரு மீற்றர் சொச்சம். பெட்டியின்ர நடு இன்னும் 45 சென்ரிமீற்றர் தள்ளி எண்டு வைப்பம். அப்ப ஆக்சிலில இருந்து 1.47 மீற்றர்.

சட்டம், பெட்டி, சாமான் எல்லாம் சேத்து 100 கிலோ. 100 தர 1.47, வகுத்தல் 3.45. கிட்டத்தட்ட 43. பின் ஆக்சிலில ஏறப்போறது 100 இல்லை, 143. முன்னில 43 குறையும்.

பின் 1760உம் 143உம் 1903. எல்லை 1900. மொத்தம் 3280, அது எல்லைக்குள்ளதான். மொத்தம் மட்டும் பாத்திருந்தா சரி எண்டு நினைச்சிருப்பியள். பின் ஆக்சில் தாண்டிப்போச்சு.

கோவை_சக்கரம் · மே 17, காலை 6.45
மூணு கிலோதானேங்க. விடுங்க.

வான்பித்தன் · மே 17, காலை 8.10
மூண்டு கிலோவுக்காக ஒருத்தரும் தண்டம் போட மாட்டாங்கள். ஆனா திரும்பி வரேக்க ஜெர்மனியில வாங்கிற சாமான் எங்க போகும்? எல்லையில போய் நிக்கக்கூடாது. 3300ஐ 3500ஆக்கித் தாள் மாத்தலாம் எண்டு ஆரும் சொல்ல முதல் நானே சொல்லிவிடுறன். அது மொத்தத்தைத்தான் கூட்டும். பின் ஆக்சில் 1900 அப்பிடியே நிக்கும். ரயரும் ஸ்பிரிங்கும் அந்த நிறைக்குத்தான்.

தண்ணித் தாங்கி எத்தினை லீற்றர்?

நெல்லியடிப்_பொடியன் · மே 17, மதியம் 1.15
70. பின் சில்லுக்குக் கொஞ்சம் முன்னால கட்டிலுக்குக் கீழ கிடக்கு.

மெல்பேர்ண்_அக்கா · மே 17, பின்னேரம் 5.00
எண்டா அங்கதான் உங்கட இடம் கிடக்கு. 70 லீற்றர், 70 கிலோ. லண்டனில இருந்து தண்ணியை ஏன் காவிக்கொண்டு போறியள்? போய்ச் சேந்து நிரப்புங்கோ. வழியில குடிக்கவும் கை கழுவவும் பத்து லீற்றர் கான் ஒண்டு காணும்.

மற்றது, என்னத்தை எங்க வைக்கிறது எண்டு பாருங்கோ. கிடாரம், இடியப்ப உரல், அரிசி மூட்டை எல்லாம் ரெண்டு ஆக்சிலுக்கும் நடுவில, இருக்கைக்குக் கீழ. கதிரை, படுக்கை, தலையணை, காத்தடிக்கிற மெத்தை வெளிப்பெட்டிக்க. உங்களுக்கு இடத்தைப் பிடிக்கிறது உந்த மெல்லிய சாமான்கள்தான், பாரம் பிடிக்கிறது மற்றதுகள். வடிவா நனையாமக் கட்டுங்கோ, பெட்டி மூடி எவ்வளவு இறுக்கினாலும் பின் சில்லுத் தண்ணி எப்பிடியும் உள்ளுக்க வரும். பாயைக் குப்பைப் பையில சுத்திப் போடுறது நான்.

பழைய_லொறி · மே 17, இரவு 7.30
பிள்ளையின்ர புத்தி நல்ல புத்தி. நானும் நாளைக்கு என்ர வானை நிறுத்துப் பாக்கப்போறன். சிலிண்டரைக் கேஸ் அறைக்க எடுத்து வச்சிட்டன் சுதா.

சுதா_பரிஸ் · மே 17, இரவு 7.45
நன்றி அண்ணை. நெஞ்சு ஆறுது.

கோவை_சக்கரம் · மே 24, இரவு 9.00
தலைவர் பெட்டி வாங்கினாரா?

சுதா_பரிஸ் · யூன் 20, காலை 10.10
தம்பி, என்ன நடந்தது? பெட்டி பூட்டித் திரும்ப நிறுத்துப் பாத்தனீங்களோ?

நெல்லியடிப்_பொடியன் · ஓகஸ்ட் 29, இரவு 11.50
சொறி, எழுத நேரம் கிடைக்கேல்லை. பழைய பெட்டி வாங்கேல்லை, அடியில வெடிச்சுக் கிடந்தது. புதுசு ஒண்டு எடுத்து டோ பாரில பூட்டினனான். தண்ணி இல்லாம, 30 கிலோ மட்டும் பெட்டிக்க போட்டு நிறுத்தனான். மொத்தம் 3180, முன் 1380, பின் 1800. கெவலார் போய் வந்திட்டம். பிள்ளையள் கால் நீட்டிப் படுத்தவை. பெட்டிக்க ஒரு தலையணை நனைஞ்சது, அக்கா சொன்னதைக் கேக்கேல்லை. எல்லாருக்கும் பெரிய நன்றி.

புதியவன்_ஹறோ · செப்ரெம்பர் 3, மாலை 6.15
அண்ணை, அந்தச் சட்டம் கதவு திறக்கேக்க விலத்திப் போகுமோ, அல்லாட்டி ஒவ்வொரு தரமும் கழட்டோணுமோ? எனக்கும் ரெண்டு கதவுதான்.