கார்டு லிமிட்டைக் குறைக்கலாமா?

*குழு: ஆலமரத்து வீடு*

*சேகர் மாமா, காலை 7:42*
கவிதா, ஒரு சந்தேகம். என்னிடம் இரண்டு கிரெடிட் கார்டுகள் இருக்கின்றன. பழைய கார்டின் லிமிட் 3,00,000 ரூபாய். அதைத் தொட்டே இரண்டு வருடம் ஆகிறது, பீரோவில் அத்தையின் பட்டுப்புடவைக்கு அடியில் கிடக்கிறது. எதிர்வீட்டுக்காரரின் கார்டில் நேற்று யாரோ 84,000 ரூபாய்க்குப் பொருள் வாங்கிவிட்டார்கள். ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. லிமிட்டை 25,000 ஆகக் குறைத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

*செல்வி அத்தை, 7:45*
குறைத்தால், கடன் கேட்கும்போது வங்கி பார்க்கிற சிபில் ஸ்கோர் இறங்கும் என்கிறார்களே? நம் பிரபு வீட்டுக் கடன் வாங்கப் போகிறானே!

*கவிதா, 8:10*
மாமா, வங்கிக்கு இன்னும் எழுதவில்லையே? கொஞ்சம் பொறுங்கள்.
லிமிட்டைக் குறைத்ததற்காக யாரும் ஸ்கோரில் கை வைப்பதில்லை. மொத்த லிமிட்டில் எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்ற விகிதம்தான் கணக்கு. இன்னொரு கார்டின் லிமிட் என்ன? மாதம் எவ்வளவு செலவு?

*சேகர் மாமா, 8:14*
லிமிட் 1,00,000. மளிகை, மருந்து, மின்கட்டணம் எல்லாம் அதில்தான். போன மாத பில் 48,000.

*கவிதா, 8:21*
இப்போது மொத்த லிமிட் 4,00,000. அதில் 48,000 என்றால் 12 சதவீதம். பழைய கார்டை 25,000 ஆக்கினால் மொத்தமே 1,25,000 தான். அதே 48,000 அப்போது 38 சதவீதத்தைத் தாண்டிவிடும். 30 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பது பொதுவான கணக்கு. நீங்கள் ஒரு ரூபாய்கூட அதிகமாகச் செலவழிக்கவில்லை, ஆனாலும் கடனை நம்பி வாழ்கிறவர் போலத் தெரிவீர்கள்.

*சேகர் மாமா, 8:24*
ஆனால் நான் முழுப் பணத்தையும் கெடுவுக்கு முன்பே கட்டிவிடுகிறேனே அம்மா! இதுவரை வட்டி என்று ஒரு பைசா கொடுத்ததில்லை.

*கவிதா, 8:31*
அது உங்களுக்குப் பெரிய பலம் மாமா. தவறாமல் கட்டுவதற்குத்தான் ஸ்கோரில் முதலிடம். ஆனால் நீங்கள் கட்டுவதற்கு முன்பே வங்கி அந்தப் பாக்கியை சிபிலுக்கு அனுப்பிவிடலாம். பில் வந்த பிறகு கட்டினால், 48,000 பாக்கி என்று அங்கே பதிவாகியிருக்கலாம்.

*பிரபு, 8:33*
அக்கா, திருச்சி வீட்டுக்கு அப்பாவும் கூட்டு விண்ணப்பதாரர். அடுத்த மாதம்தான் விண்ணப்பிக்கிறோம்.

*கவிதா, 8:38*
அப்படியானால் இருவரின் ஸ்கோரையும் பார்ப்பார்கள். கடன் கைக்கு வரும் வரை லிமிட்டைத் தொடவே வேண்டாம். ஒருவேளை ஸ்கோர் இறங்கினாலும் பாக்கி குறைந்ததும் ஏறிவிடும், நிரந்தரக் கறை அல்ல. ஆனால் விண்ணப்பிக்கிற மாதத்தில் போய் ஏன் இறங்க வேண்டும்?
இன்னொன்று மாமா. குறைப்பது சுலபம், திரும்ப ஏற்றுவது சிரமம். அப்போது வங்கி வருமானச் சான்று கேட்கும், நீங்களோ ஓய்வு பெற்றுவிட்டீர்கள்.

*சேகர் மாமா, 8:41*
சரி. அப்படியானால் திருட்டுப் பயத்துக்கு என்ன வழி?

*கவிதா, 8:49*
அதற்குத் தனி வழி இருக்கிறது. வங்கியின் செயலியில் அந்தக் கார்டைத் திறந்தால் ஆன்லைன், வெளிநாடு, கடையில் தேய்ப்பது, ஏடிஎம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தான் இருக்கும். ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு உத்தரவால் வந்த வசதி. எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். லிமிட் 3,00,000 ஆகவே இருக்கும், யாராலும் பணம் எடுக்க முடியாது. தினம் வைத்திருக்கும் கார்டில் வெளிநாட்டை மட்டும் அணைத்து, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வையுங்கள்.

*செல்வி அத்தை, 8:52*
ஸ்கோரை நாமே அடிக்கடி பார்த்தால் குறையுமா?

*கவிதா, 8:55*
குறையாது அத்தை. கடனோ கார்டோ கேட்டு, வங்கி பார்க்கும்போதுதான் அது பதிவாகி, ஸ்கோர் கொஞ்சம் குறையலாம். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மாமாவுக்கு இன்றே எடுத்துப் பாருங்கள், அடைத்த கடன் எதுவும் பாக்கி என்று நிற்கக் கூடாது.

*சேகர் மாமா, 9:20*
பழைய கார்டில் எல்லாப் பொத்தானையும் அணைத்துவிட்டேன். இன்று தூங்குவேன். பில் தேதி 18. 15ஆம் தேதியே 30,000 கட்டிவிட்டால் விகிதம் இன்னும் இறங்கும் அல்லவா?

*கவிதா, 9:22*
இறங்கும் மாமா. இந்த மாதமும் 48,000 செலவென்றால் பில்லில் 18,000 மட்டும்தான் பாக்கி நிற்கும், 5 சதவீதம்கூட இல்லை.

*பிரபு, 9:23*
அப்பா, 15ஆம் தேதி காலை 9 மணிக்கு உங்கள் போனில் அலாரம் வைத்துவிட்டேன்.