மோன் ட்ரம்ப்ளான் போகிறோம்: கை நனையாத, குளிராத ஸ்கீ கையுறை எது?

கேள்வி (மிசிசாகாவில் இருந்து)

வணக்கம். வீட்டில் மூன்று பேர்: நான், மனைவி, ஒன்பது வயது மகள். போன கிறிஸ்துமஸ் விடுமுறையில் முதல்முறையாக ஸ்கீ பழகலாம் என்று காலிங்வுட் பக்கம் இருக்கும் புளூ மவுண்டன் போனோம். அன்று மைனஸ் 2 தான், பெரிய குளிரே இல்லை. ஆனால் பத்து மணிக்குத் தொடங்கி பன்னிரண்டுக்குள் மூவர் கையும் ஈரம். விரல் வலிக்கிறது என்று மகள் அழுதுவிட்டாள். மீதி நாள் முழுக்க உள்ளேயே உட்கார்ந்திருந்தோம்.

கையுறை ஒரு ஜோடி 40 டாலர். நீர் புகாது என்று அட்டையில் தெளிவாகப் போட்டிருந்தது. நான் அதற்குள் மெல்லிய பருத்திக் கையுறையும் போட்டிருந்தேன்.

பிப்ரவரியில் ஃபேமிலி டே விடுமுறைக்கு கியூபெக்கில் இருக்கும் மோன் ட்ரம்ப்ளான் ஸ்கீ மலைக்குப் பதிவு செய்துவிட்டோம். அங்கே மைனஸ் 20 சாதாரணம் என்கிறார்கள். மைனஸ் 2-லேயே இந்தப் பாடு என்றால் அங்கே என்ன ஆகும் என்று பயமாக இருக்கிறது. ஆளுக்கு 100 டாலர் வரை செலவு செய்யலாம். கோர்-டெக்ஸ் என்று எழுதியிருந்தால் போதுமா?

பதில் (ஒட்டாவா)

மிட்டன் வாங்குங்கள், அதாவது கட்டைவிரல் தவிர மற்ற நான்கு விரலும் ஒரே பைக்குள் இருக்கும் கையுறை. விரல்கள் தனித்தனியாக இருந்தால் ஒவ்வொன்றும் தன் சூட்டைத் தனியாக இழக்கும். மிட்டனில் நான்கும் ஒன்றாக இருந்து சூட்டைப் பகிர்ந்துகொள்ளும். ஸ்கீ கம்பு பிடிக்கச் சிரமம் என்று நினைத்தால் ஆள்காட்டி விரலை மட்டும் பிரித்து வைத்த மூன்று விரல் வகையும் கிடைக்கிறது. நான் அதைத்தான் போடுகிறேன்.

பதில் (கல்கரி)

தம்பி, நான் ராக்கி மலைப் பக்கம் ஒரு ஸ்கீ கடையில் ஐந்து சீசன் வேலை செய்தவன். வாரத்துக்கு ஒருவராவது "கையுறை ஒழுகுகிறது" என்று கொண்டுவந்து கொடுப்பார். பாதிக்கு மேல் ஒழுகியிருக்காது. அதனால் புதிதாக வாங்குவதற்கு முன்னால் ஈரம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அது தெரியாமல் 100 டாலர் கொடுத்தாலும் இதே கதைதான்.

வீட்டிலேயே செய்யலாம். காய்ந்த கையில் டிஷ்யூ பேப்பரைச் சுற்றிக் கையுறையைப் போடுங்கள். வாளித் தண்ணீரில், மணிக்கட்டுத் திறப்புக்குள் தண்ணீர் போகாத அளவுக்கு, ஐந்து நிமிடம் முக்கி வையுங்கள். விரல்களை மடக்கி நீட்டுங்கள். எடுத்துப் பேப்பரைப் பாருங்கள். மூன்று ஜோடிக்கும் செய்யுங்கள்.

இன்னும் சில கேள்விகள். கையுறையின் கழுத்து ஜாக்கெட் கைக்கு மேலே வருகிறதா, உள்ளே போகிறதா? எத்தனை தடவை கையுறையைக் கழற்றினீர்கள்? கழற்றி எங்கே வைத்தீர்கள்? செயற்கைப் பனி தூவும் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தனவா?

கேள்வி கேட்டவர்

நன்றி அண்ணா. நேற்று இரவே செய்து பார்த்தோம்.

என்னுடையதில் பேப்பர் காய்ந்தே இருந்தது! வெளித்துணி மட்டும் தண்ணீரை நன்றாகக் குடித்துக் கனத்துவிட்டது. மனைவியுடையதில் வலது கட்டைவிரல் ஓரம் மட்டும் பேப்பர் ஊறிப்போயிருந்தது. மகளுடையது காய்ந்துதான் இருந்தது.

கழுத்து மூவருக்குமே குட்டை, மணிக்கட்டோடு நின்றுவிடும். ஆமாம், பனி இயந்திரங்கள் காலை முழுக்க ஓடின, மலை மேலே ஏற்றும் திறந்த லிஃப்டில் போகும்போது முகத்தில் தூறல் போல் விழுந்தது. படம் எடுக்கவும், மகளின் பூட்ஸைச் சரிசெய்யவும் பத்துத் தடவையாவது கழற்றியிருப்பேன். பக்கத்தில் பனி மேல்தான் வைத்தேன். மகள் விழுந்து விழுந்து எழுந்தாள், ஒவ்வொரு தடவையும் கையை ஊன்றித்தான் எழுந்தாள்.

பதில் (கல்கரி)

விஷயம் தெளிவாகிவிட்டது. மூன்று பேருக்கும் மூன்று வேறு கோளாறு.

மனைவியுடையது நிஜமாகவே ஒழுகுகிறது. கட்டைவிரல் பக்கத்துத் தையலில்தான் பெரும்பாலும் முதலில் போகும். அதை மாற்றிவிடுங்கள்.

மகளுக்குப் பனி மேலே இருந்து போயிருக்கிறது. கழுத்து குட்டையான கையுறையோடு கையை ஊன்றினால் பனி நேராக உள்ளே இறங்கும், உள்ளே போய் உருகும். துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வாய் திறந்த பாத்திரம்தான் அது.

உங்களுடையது வியர்வை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கோர்-டெக்ஸ் போதுமா என்ற கேள்விக்கும் பதில் இதில்தான் இருக்கிறது. நீர் புகாத கையுறைக்குள் மெல்லிய படலம் ஒன்று இருக்கும். கோர்-டெக்ஸும் அந்த வகைதான். 1969-இல் பாப் கோர் டெஃப்லான் பொருளை வேகமாக இழுத்து நுண்துளைகளோடு நீட்டியதில் இருந்து பிறந்தது. தண்ணீர்த் துளி உள்ளே வராது, ஆவி வெளியே போகும். ஆனால் ஆவி போக வேண்டுமானால் வெளித்துணி காய்ந்திருக்க வேண்டும். வெளித்துணியின் மேல் தண்ணீர் ஒட்டாத பூச்சு ஒன்று இருக்கும். அது தேய்ந்துவிட்டாலோ, ஆரம்பத்திலேயே மட்டமாக இருந்தாலோ துணி தண்ணீரைக் குடித்துவிடும். நீங்கள் பார்த்தீர்களே, கனத்தது என்று, அதுதான். அதன் பிறகு வியர்வை போக வழியில்லை. உள்ளே பருத்தி வேறு. பருத்தி வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், லேசில் காயாது. தண்ணீர் காற்றைவிட சுமார் 25 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். ஈரப் பருத்தியோடு கை எப்படிச் சூடாக இருக்கும்?

இன்னொன்று. புளூ மவுண்டனில் மைனஸ் 2-இல் இருந்த பனி ஈரப் பனி, இயந்திரத் தூறலும் சேர்ந்தது. மைனஸ் 20-இல் பனி மாவு மாதிரி, தட்டினால் உதிர்ந்துவிடும். வெளியில் இருந்து நனைவது அங்கே குறைவு. அங்கே உங்களுக்கு வேண்டியது கனமான உள்பஞ்சும், நீளமான கழுத்தும், வியர்வை போக வழியும். சுருக்கமாக, கோர்-டெக்ஸ் நல்லதுதான், ஆனால் முதலில் பார்க்க வேண்டியது அது இல்லை.

கேள்வி கேட்டவர்

இவ்வளவு விளக்கத்தை எதிர்பார்க்கவில்லை அண்ணா. அப்படியானால் கடையில் எதைப் பார்த்து எடுப்பது? தோலா, துணியா? உள்ளே என்ன பஞ்சு?

பதில் (கல்கரி)

மூவருக்கும் மிட்டன், முழங்கையை நோக்கி நீண்ட கழுத்து, அதை இறுக்கும் கயிறு. இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். மணிக்கட்டில் மாட்டும் வார் இருந்தால் கழற்றும்போது தொங்கும், பனியில் வைக்கத் தேவை இருக்காது.

பஞ்சு செயற்கையாக இருக்கட்டும். பிரிமாலாஃப்ட், தின்சுலேட் என்று போட்டிருக்கும். வாத்து இறகுப் பஞ்சு காய்ந்திருக்கும்வரை மிகவும் சூடு, நனைந்தால் தட்டையாகிவிடும்.

உள்ளங்கை தோலாக இருந்தால் கம்பு வழுக்காது, நாள்பட உழைக்கும். நிறையப் பேர் நம்பும் ஹெஸ்ட்ரா ஸ்வீடனில் 1936-இல் ஆரம்பித்த கையுறை நிறுவனம். அவர்களுடைய பல கையுறைகளில் உள்ளுறையைத் தனியாக உருவி எடுக்கலாம். விலை உங்கள் கணக்கைத் தாண்டும். ஆனால் உருவி எடுக்கும் உள்ளுறை யார் செய்ததாக இருந்தாலும் அதைத் தேடி வாங்குங்கள், ஒரே இரவில் காய்ந்துவிடும். லிஃப்டில் வேலை செய்பவர்கள் கையில் மஞ்சள் நிறப் பன்றித் தோல் கையுறையைப் பார்த்திருப்பீர்கள், கின்கோ. தோல் தண்ணீரைக் குடிக்காமல் இருக்க அதற்குத் தேன்மெழுகு தடவ வேண்டும், இரண்டு மூன்று பூச்சு.

அளவு ரொம்ப முக்கியம். போட்டுப் பார்த்து முஷ்டி மடக்குங்கள். விரல் நுனிக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் பஞ்சு அமுங்கும், ரத்த ஓட்டமும் குறையும். உள்ளே மெரினோ கம்பளி உறை போடப் போகிறீர்கள் என்றால் அதோடு சேர்த்துத்தான் அளவு பார்க்க வேண்டும். அந்தப் பருத்தியை இனி போடாதீர்கள்.

மகளுக்கு மட்டும் ஒரு யோசனை: 100 டாலரில் ஒரு ஜோடி வேண்டாம், 50 டாலரில் இரண்டு ஜோடி வாங்குங்கள். மதிய உணவின்போது மாற்றிவிடலாம். குழந்தை எப்படியும் பனியில் விளையாடும், விளையாடட்டும்.

பதில் (மொன்றியல்)

தம்பி, நான் தாதியாக வேலை செய்கிறேன். மோன் ட்ரம்ப்ளான் எங்களுக்கு 130 கிலோமீட்டர்தான், 20 வருடமாகப் போய்வருகிறோம். அண்ணன் சொன்னது எல்லாம் சரி. குளிரைப் பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன்.

அங்கே மலை உச்சி 875 மீட்டர், காற்று நேராக அடிக்கும். மைனஸ் 20-இல் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று என்றால் உடம்புக்கு அது மைனஸ் 33 மாதிரி. அந்த நிலையில் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம். வானிலை அறிவிப்பில் வெப்பநிலையை மட்டும் பார்க்காமல் காற்றுக் குளிரையும் பாருங்கோ. திறந்த லிஃப்ட் வேண்டாம் என்றால் மூடிய கொண்டோலா இருக்கிறது.

கை குளிர்வது கையால் மட்டும் இல்லை. நெஞ்சும் வயிறும் குளிர்ந்தால் உடம்பு விரலுக்குப் போகும் ரத்தத்தைத்தான் முதலில் குறைக்கும். நல்ல உள்ளாடை, கழுத்துத் துணி, வயிற்றுக்குச் சாப்பாடு, இது மூன்றும் கையுறைக்குச் சமம். விரல் மரத்தால் கையைத் தோளில் இருந்து பெரிய வட்டமாக வேகமாகச் சுற்றச் சொல்லுங்கோ, ரத்தம் நுனிவரை ஓடும்.

மகளின் விரல் நுனி வெள்ளையாகி மெழுகு மாதிரி இருந்தால் உடனே உள்ளே கூட்டிப்போங்கோ. பனியால் தேய்க்கவே கூடாது. 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கோ. உணர்வு திரும்பாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும்.

கைச்சூட்டுப் பொட்டலம் வாங்கினால், உள்ளே இருப்பது இரும்புத் தூள், காற்றுப் பட்டால்தான் சூடாகும். மிட்டனில் போடுவதற்குக் கால் மணி நேரம் முன்னாலேயே பிரித்துவிடுங்கோ. புறங்கைப் பக்கம் வைத்தால் கம்பு பிடிக்கத் தடையில்லை.

கேள்வி கேட்டவர்

அக்கா, ஒரு சந்தேகம். மனைவிக்கு ஃப்ரீசரில் கை வைத்தாலே இரண்டு விரல் நுனி வெள்ளையாகும், அப்புறம் நீலம், பிறகு சிவந்து குத்தும். குளிர் தாங்காத உடம்பு என்று விட்டுவிட்டோம்.

பதில் (மொன்றியல்)

விடாதீங்கோ. அது ரேனோ என்ற நிலையாக இருக்கலாம், குளிரில் விரலின் சிறு ரத்தக் குழாய்கள் அளவுக்கு மீறிச் சுருங்குவது. பெரும்பாலும் ஆபத்தில்லை, ஆனால் சிலருக்கு வேறு நோயின் அடையாளமாக இருக்கும், குடும்ப வைத்தியரிடம் ஒருதரம் காட்டுங்கோ. அவருக்கு மட்டும் பேட்டரியால் சூடாகும் மிட்டன் வாங்குவது வீண் செலவில்லை. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், மாற்று பேட்டரி ஜோடி வைத்திருங்கோ. விரல் வெளுத்த பிறகு போடுவதைவிட, வெளியே போவதற்கு முன்பே குறைந்த சூட்டில் போட்டுவிட வேண்டும்.

கேள்வி கேட்டவர்

நேற்றுத் திரும்பிவந்தோம், உடனே எழுதுகிறேன்.

முதல் நாள் காலை மைனஸ் 23. எனக்குத் தோல் உள்ளங்கை மிட்டன், உள்ளே மெரினோ. நாள் முழுக்கக் கை காய்ந்தே இருந்தது. கொண்டோலாவுக்குள் ஏறியதும் கழற்றி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன், வியர்க்கவே இல்லை. மகள் மதியம் ஜோடியை மாற்றிக்கொண்டாள், நாலு மணிக்குக் கூப்பிட்டும் வரமாட்டேன் என்றாள். மனைவிக்கு ஒரு தடவை மட்டும் நுனி வெளுத்தது, அதுவும் பேட்டரி போட மறந்த நாளில். வைத்தியரிடம் அடுத்த வாரம் போகிறோம்.

விடுதியில் ஹீட்டர் மேல் காயவைக்கலாமா என்று யோசித்து, தோல் வெடிக்குமோ என்று பயந்து உள்ளுறையை உருவி நாற்காலியில் தொங்கவிட்டேன். காலையில் காய்ந்திருந்தது. தோலுக்கு மெழுகு இப்போதே போட வேண்டுமா, அடுத்த சீசனிலா?

பதில் (கல்கரி)

ஹீட்டர் மேல் வைக்காதது நல்லது தம்பி, தோல் மட்டுமில்லை, உள்ளே இருக்கும் பசையும் விட்டுப்போகும். மெழுகு இப்போதே போடுங்கள். ஈரத் துணியால் உப்பையும் அழுக்கையும் துடைத்து, இரண்டு நாள் நிழலில் காயவிட்டு, தோலைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து தையல் ஓரங்களில் விரலால் அழுத்தித் தேயுங்கள். டிசம்பரில் வெளியே எடுக்கும்போது இன்னொரு தடவை.